விடுதலைக்குப் பிறகு

கேள்வி: என் தாத்தா தியாகராஜ பாகவதரின் பரம ரசிகர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "கடைசியில் பாகவதர் கண் தெரியாமல் கோயில் வாசலில் பிச்சை எடுத்தார், செத்தவனுடைய சாபம் சும்மா விடுமா" என்பார். நிரபராதி என்று கோர்ட்டே விட்டுவிட்டதாகவும் அவரேதான் சொல்வார். நிரபராதி என்றால் சாபம் எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த வழக்கில் சிக்கியவர்கள் பிறகு உண்மையில் என்ன ஆனார்கள்? இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அண்ணன் ஒரு அடிதடி வழக்கில் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் ரிமாண்டில் இருந்து, மூன்று வருஷம் வாய்தாவுக்கு அலைந்து, போன வருஷம் விடுதலை ஆனான். ஊர் இன்னும் அவனை "ஜெயிலுக்குப் போனவன்" என்றுதான் சொல்கிறது. விடுதலை என்றால் என்னதான் அர்த்தம்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:



பாகவதர் பிச்சை எடுக்கவில்லை. இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை மேடையேறிக் கச்சேரி செய்தவர் அவர். சர்க்கரை நோய் முற்றியிருந்தது, பார்வை மங்கியிருந்தது, பழைய செல்வம் போயிருந்தது. இவை உண்மை. 1959 நவம்பர் 1 அன்று சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. இவ்வளவுதான் நடந்தது. கோயில் வாசலும் பிச்சைப் பாத்திரமும் நாம் பிறகு சேர்த்துக்கொண்டவை. உங்கள் தாத்தாவை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தலைமுறையில் பலரும் இதையே நம்பினார்கள். விடுதலையான மனிதர் ஏன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்ற கேள்விக்கு அவர்களிடம் வேறு விடை இல்லை, அதனால் சாபத்தைப் பிடித்துக்கொண்டார்கள். விடை வழக்குக் கட்டிலேயே இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சி.என்.லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகைகளின் சொந்த வாழ்க்கையைச் சந்திக்கு இழுப்பதுதான் அதன் தொழில். பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணன், தயாரிப்பாளர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் போயிற்று. லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் தன் வக்கீல் வீட்டிலிருந்து ரிக்‌ஷாவில் திரும்பும்போது கத்தியால் குத்தப்பட்டார். ரத்தம் ஒழுக வக்கீல் வீட்டுக்கே திரும்பிப் போய், அங்கிருந்து பொது மருத்துவமனைக்குப் போனார். பிழைத்துவிடுவார் என்று தோன்றிய ஆள் மறுநாள் இறந்துபோனார். டிசம்பர் முடிவதற்குள் மேலே சொன்ன மூவரும் சதிக் குற்றச்சாட்டில் கைதானார்கள்.

நேரடியாகக் குத்தியதாக அவர்கள்மேல் யாரும் சொல்லவில்லை. ஏவினார்கள், பணம் கொடுத்தார்கள் என்பதுதான் வழக்கு. அதற்கு முதுகெலும்பு அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம். நீதிபதி மாக்கெட் முன்னால் ஜூரி விசாரணை நடந்தது. 1945 மே 3 அன்று தீர்ப்பு. பம்பாயிலிருந்து வந்து கே.எம்.முன்ஷி வாதாடிய ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே.க்கும் இன்னும் சிலருக்கும் தீவாந்தர சிட்சை, அதாவது ஆயுள் தண்டனை.

இந்த இடத்தில் சட்டம் பற்றி ஒரு செய்தி. இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை, எனக்கோ இதைத் தாண்டிப் போக மனம் வராது. உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸில் ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டால், சாட்சியத்தை எடைபோடச் சொல்லி அப்பீல் செய்யும் உரிமை 1943 வரை இந்தியாவில் கிடையாது. அந்த ஆண்டுதான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அந்தக் கதவைத் திறந்தார்கள். இரண்டு வருஷம் முன்னால் இதே கொலை நடந்திருந்தால், ஜூரி சொன்னதோடு பாகவதரின் கதை பெரும்பாலும் முடிந்திருக்கும். புதுப் பிரிவு என்பதால் அதை எப்படிக் கையாள்வது என்பதிலேயே குழப்பம். உயர்நீதிமன்றம் 1945 அக்டோபரில் அப்பீலைத் தள்ளியது. லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அங்கே அப்பீலை மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கைச் சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்தமுறை வி.எல்.எத்திராஜ் வாதாடினார். அடுத்த ஆண்டு தன் பெயரில் பெண்கள் கல்லூரி தொடங்கப்போகிற அதே எத்திராஜ். 1947 ஏப்ரலில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள்.

ஆக, ஒரே குற்றப்பத்திரிகையில் பேர் போட்ட மூன்று சினிமாக்காரர்கள், மூவரும் கடைசியில் நிரபராதிகள். பிறகு மூன்று பேரும் மூன்று திசையில் போனார்கள். சாபம் என்று ஒன்று இருந்தால் மூவர் மேலும் ஒரேமாதிரி விழுந்திருக்க வேண்டாமா?

ஸ்ரீராமுலு நாயுடு இழந்தது சில மாதங்கள். அதே 1945-இல் கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1954-இல் எம்.ஜி.ஆரை வைத்து 'மலைக்கள்ளன்' எடுத்தார். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அதே கதையைச் சிங்களம் உட்பட ஆறு மொழிகளில் எடுத்தார்கள். இந்தியில் திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்த 'ஆசாத்' நாயுடுவே இயக்கியதுதான். அவரைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் முதலில் கொலை வழக்கு ஞாபகம் வருவதில்லை.

என்.எஸ்.கே. இழந்தது இரண்டு வருஷத்துக்கும் மேல். ஆனால் அவருக்கு வெளியே ஒரு குடும்பமே வேலை செய்துகொண்டிருந்தது. மனைவி டி.ஏ.மதுரமும் நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாமல் வைத்திருந்தார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று 'பைத்தியக்காரன்' படத்தைத் தொடங்கினார்கள். படம் முடிவதற்குள் விடுதலை கிடைத்தது, அவருக்கும் அதில் ஒரு வேஷம் சேர்த்தார்கள். ஜெயிலிலிருந்து வந்த மனிதருக்கு மறுவேளைச் சோறு தயாராக இருந்ததுபோல, வந்ததும் நிற்பதற்கு ஒரு காமிரா இருந்தது. 1949-இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி', 1951-இல் பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக்கிய 'மணமகள்', 1952-இல் கருணாநிதி வசனத்தில் 'பணம்'. கடைசி இரண்டும் அவரே இயக்கியவை. அவருடைய நகைச்சுவை எப்போதும் காலத்தோடு சேர்ந்து நடப்பது. அரசியல் மாறினாலும் வசனத்தின் ருசி மாறினாலும் அவருக்கு இடம் இருந்தது. சம்பாதித்ததையெல்லாம் வாரிக் கொடுத்து, 1957 ஆகஸ்ட் 30 அன்று ஐம்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். சென்னை தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்து வைத்ததுதான் முதலமைச்சர் அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி என்பார்கள். 1969 ஜனவரி. அடுத்த மாதம் அண்ணாவும் போய்விட்டார்.

இனி பாகவதர். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் 114 வாரம் ஓடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், படம் தியேட்டரைவிட்டுப் போகும்போது 1946-ஆம் ஆண்டு முடியப்போகிறது. அதாவது அவர் கைதானபோது ஓடிக்கொண்டிருந்த படம், தண்டனை பெற்றபோதும் ஓடியது, அப்பீல் தள்ளுபடியானபோதும் ஓடியது. மூன்று தீபாவளிக்கும் திரையில் அவர் பாடிக்கொண்டிருந்தார், ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவற்றில் இரண்டு தீபாவளிக்குப் பாடியவர் கைதியாக உட்கார்ந்திருந்தார். என்.எஸ்.கே.யும் மதுரமும் அதே படத்தில் உண்டு. ஆகவே, "வழக்கு வந்ததும் ரசிகர்கள் கைவிட்டுவிட்டார்கள்" என்று சொல்வதில் துளியும் உண்மை இல்லை. கைவிட்டது தொழில். அவரை நம்பிப் போட்டிருந்த படங்களில் வேறு ஆளைப் போட்டார்கள். 'உதயணன் வாசவதத்தா'வில் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடித்தார். 'ஸ்ரீமுருகன்' ஹொன்னப்ப பாகவதருக்குப் போனது. முதலீடு போட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, ஆயுள் தண்டனைக் கைதிக்காக யார் எத்தனை நாள் காத்திருக்க முடியும்?

வெளியே வந்ததும் கிடைத்த படங்களுக்கெல்லாம் அவர் தலையாட்டவில்லை. விடுதலைக்குப் பின் வந்த முதல் படமான 'ராஜமுக்தி'யைப் பூனாவில் எடுத்தார்கள். வசனம் புதுமைப்பித்தன். அங்கே போன இடத்தில் காசநோய் முற்றி, படம் வெளியாவதற்கு முன்பே, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இறந்தார். தமிழின் தலைசிறந்த சிறுகதைக்காரர் கடைசியாகக் கை வைத்த சினிமா அது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது. அக்டோபரில் வந்த படம் ஓடவில்லை.

சிறைக்கு முன்னால் பாகவதர் நடித்தவை ஒன்பது படம். பின்னால் ஐந்து. 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா', 'புதுவாழ்வு', அவர் இறந்தபின் வந்த 'சிவகாமி'. ஒன்றும் பழைய வெற்றியைத் தொடவில்லை. குரலில் குறையில்லை. அவர் உள்ளே இருந்த காலத்தில் வெளியே தமிழ் சினிமா வேறாகிக்கொண்டிருந்தது. பாட்டுக்காகக் கதை என்ற நிலை போய் வசனத்துக்காகக் கதை என்று ஆயிற்று. பாடத் தெரியாதவனும் கதாநாயகனாகலாம், பின்னணி பாட ஆள் வந்துவிட்டது. 'அமரகவி'யும் 'பராசக்தி'யும் வெளியானது ஒரே 1952-ஆம் ஆண்டில். எந்தப் படம் நாட்டை உலுக்கியது என்று உங்களுக்கே தெரியும். 'ராஜமுக்தி'யில் அவருக்குக் கீழே சின்ன வேஷத்தில் நின்ற எம்.ஜி.ஆர். பத்து வருஷத்தில் எங்கே போய் நின்றார் என்பதும் தெரியும்.

சிறைக்கே போகாமலிருந்தாலும் இந்த மாற்றம் அவரைப் பாதித்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பாதித்திருக்கலாம். ஆனால் மாற்றம் நடக்கும்போது களத்தில் இருப்பவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை மாற்றிக்கொள்வான். இவருக்கு அந்த வாய்ப்பையே மறுத்துவிட்டார்கள். 34 வயதில், உச்சியில் இருந்தபோது பிடித்துப் போனார்கள். தீர்ப்பு அவருடைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது, அந்த வருஷங்களைக் கொடுக்கவில்லை. அவற்றுக்கு ஈடாக ஒரு காசும் கொடுக்கவில்லை, கொடுக்கச் சட்டமும் இல்லை.

இன்றும் இல்லை. தவறாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறையிருந்தவர்களுக்கு இழப்பீடு தர ஒரு சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. அதற்கு அடுத்த மாதம்தான் உச்ச நீதிமன்றம் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. என்.எஸ்.கே. பிறந்த அதே நாகர்கோவில்காரர். 1994 நவம்பரில் இஸ்ரோ உளவு வழக்கில் கைதானவர். வழக்குப் பொய் என்று சி.பி.ஐ. சொன்னது 1996-இல். இழப்பீடு வந்தது 2018-இல். பத்மபூஷண் 2019-இல். அவரைப் பற்றிச் சினிமாவும் வந்துவிட்டது, நல்லது. அந்த மனிதர் விடாமல் போராடியதற்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் அந்த வழக்கில் அவர் மட்டுமா இருந்தார்? மாலத்தீவுப் பெண்கள் இருவர், மரியம் ரஷீதாவும் பவுசியா ஹசனும், அவரைவிட மிக நீண்ட காலம், மூன்று வருஷத்துக்கு மேல், கேரளச் சிறையில் கிடந்தார்கள். பவுசியா 2022-இல் இலங்கையில் காலமானார். பெங்களூரில் ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த சந்திரசேகர், 2018 செப்டம்பரில் தீர்ப்பு வந்த நாட்களில் நினைவிழந்து படுத்திருந்து, அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தார். ஒரு வழக்குக்கு ஒரு முகத்தைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். லட்சுமிகாந்தன் வழக்கிலும் அப்படித்தான், பாகவதரோடும் என்.எஸ்.கே.யோடும் தண்டனை பெற்ற சாதாரண மனிதர்களின் பெயரை உங்கள் தாத்தா சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். குத்திக் கொல்லப்பட்டவரைக்கூட அவர் எழுதிய அசிங்கத்தோடு சேர்த்துக் கழித்துக்கட்டிவிட்டோம். எவ்வளவு மோசமான பத்திரிகைக்காரனும் தெருவில் குத்துப்பட்டுச் சாக வேண்டியவன் அல்ல. அந்தக் கொலைக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை என்பதும் இந்த வழக்கின் ஒரு முடிவுதான்.

குற்றம் உறுதியானவர்களின் கதை வேறுமாதிரி போனதுண்டு. எம்.ஜி.ஆரைச் சுட்ட எம்.ஆர்.ராதா தண்டனை அனுபவித்துவிட்டு வந்து, மறுபடி மேடையிலும் திரையிலும் நின்று கைதட்டல் வாங்கினார். பம்பாயில் மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதிக்கு உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மூன்று ஆண்டுக்குள் கவர்னரின் மன்னிப்பு கிடைத்து, குடும்பத்தோடு கனடாவுக்குப் போய், 2003 வரை அமைதியாக வாழ்ந்தார். இவர்கள் நன்றாக வாழ்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. தண்டனை முடிந்தால் முடிந்ததுதான். ஆனால் செய்தவர்கள் நிம்மதியாக இருந்ததையும், செய்யாதவர் நொடித்துப்போனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சாபம் என்றும் கர்மவினை என்றும் பேச யாருக்கு வாய் வரும்?

இனி உங்கள் அண்ணன் விஷயம். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியும்.

சட்டத்தின் கண்ணில் விடுதலையானவர் நிரபராதி. அதில் அரைகுறை இல்லை. ஆனாலும் தீர்ப்பின் வாசகத்தை எடுத்துப் படியுங்கள். "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று இருக்கிறதா, "சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து" என்று இருக்கிறதா, அல்லது வழக்கே பொய் என்று நீதிபதி சொல்லியிருக்கிறாரா? வேலைக்கு இது முக்கியம். தமிழ்நாட்டில் காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விதி இருக்கிறது. எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது. இருந்தாலும் விதி இருக்கும்வரை அதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். மற்ற அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு உண்டா என்று கேட்டிருந்தால் மறைக்க வேண்டாம். மறைத்ததற்காகவே வேலை போனவர்கள் ஏராளம். உள்ளதைச் சொல்லி, விடுதலைத் தீர்ப்பையும் வைத்தால், அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டிய பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

இணையத்தில் பெயர் கிடப்பது பற்றியும் கவலை இருக்கும். குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை மறைக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தில் கேட்டார். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அங்கே முடிவாகும்வரை இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மேலே போய்ப் போராடுவதா வேண்டாமா என்பதை வக்கீலிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விசாரித்த கோர்ட்டில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நாலைந்து பிரதி வாங்கி வையுங்கள். வருஷங்கள் போனால் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும், தேடி எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். போலீஸ் அப்பீலுக்குப் போயிருக்கிறதா என்பதையும் அதே நாளில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் வாயை எந்த நகலும் அடைக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் என்.எஸ்.கே. திரும்பி எழுந்ததற்கு மதுரம் ஒரு காரணம். நாடகக் குழுவையும் தொழிலையும் அவர் கலையாமல் காத்து வைத்திருந்தார். உங்கள் அண்ணனுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். அவர் முன்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தாரோ அதில் மறுபடி உட்காரும்வரை, யாரிடம் சொல்லியாவது, எங்கே அலைந்தாவது, அவரை வேலையில் வையுங்கள். தீர்ப்பின் நகலை எனக்கு அனுப்பினால் அதன் வாசகத்தைப் படித்துவிட்டு, எந்தத் தேர்வுக்கு எப்படி எழுத வேண்டும் என்று தனியாகப் பதில் எழுதுகிறேன்.